பழைய ஃபிளாஷ் பாடங்களுக்கு நேட்டிவ் உறை போட்ட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில், கணினிக் கூடத்திற்காக ஃபிளாஷ் என்னும் அசைபட மென்பொருளில் செய்த பல்லூடகப் பாடங்கள் ஒரு குறுந்தட்டு நிறைய இருந்தன. ஆத்திசூடி, திருக்குறள், விலங்குகளின் பெயர்கள், இணைமொழிகள் என்று அசையும் படங்களோடும் ஒலியோடும் அமைந்த பாடங்கள் அவை. அவற்றைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் பணியில் இரண்டு கட்டங்களாக ஈடுபட்டவன் என்ற முறையில், எங்கே இடறினேன், எது கைகொடுத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் எல்லாருக்கும் பயன்படும்.

பாடத்தைச் சின்னத் திரையில் ஓடவைப்பது கடினமாக இருக்கவில்லை. பிள்ளை குறளை வாசித்துத் தன் குரலைப் பதிவு செய்ய வேண்டும், அது ஆசிரியைக்குப் போய்ச் சேர வேண்டும், அலைவரிசை கிடைக்காத இடத்திலும் பாடம் ஓட வேண்டும் என்று பள்ளி கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒலிவாங்கி, சேமிப்பிடம், பின்னணியில் கோப்பு அனுப்புதல், அறிவிப்பு ஆகிய அனைத்தும் கைப்பேசியின் இயங்குதளத்திற்குச் சொந்தமானவை. பல்லூடகக் கோப்பு தானாக அவற்றைத் தொட முடியாது. ஆகவே பாடத்தை உள்ளே வைத்து, வெளியே ஜாவாவில் எழுதிய, இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் நேட்டிவ் நிரலை உறையாகப் போட்டு, இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பாலம் அமைக்க வேண்டும்.

முதல் முயற்சி 2013-இல் நடந்தது. 2011 அக்டோபரில் வெளிவந்த அடோபி ஏர் 3 (ஃபிளாஷ் படைப்புகளைச் செயலியாக ஓட்டும் தளம்), நேட்டிவ் நீட்டிப்புகளை எழுதும் வசதியையும், ஏர் இயக்கியைச் செயலிக்குள்ளேயே பொதிந்து கொடுக்கும் வசதியையும் தந்திருந்தது. ஏரிலேயே ஒலிவாங்கியைப் படிக்கும் வகுப்பு (ஆயத்த நிரல் தொகுதி) உண்டு என்பதால், குரலை ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பக்கத்திலேயே பிடித்து, சுருக்கும் வேலையை மட்டும் ஜாவாவிடம் கொடுக்கலாம் என்று திட்டமிட்டேன். அது பெரும் பிழையாக முடிந்தது. அந்த வகுப்பு ஒவ்வொரு ஒலி மாதிரியையும் 4 பைட்டாகக் கொடுக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு நிமிடக் குரலுக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் ஆகிறது. அவ்வளவையும் பாலத்தின் வழியாக ஜாவாவுக்குத் தள்ளினேன். நீட்டிப்பை அழைக்கும் கட்டளையோ, வேலை முடிந்து விடை வரும்வரை ஆக்‌ஷன்ஸ்கிரிப்டை அப்படியே நிறுத்தி வைக்கும் இயல்புடையது. பிள்ளை பதிவை முடித்த கணத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்த மான் பாதிக் காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. கைப்பேசி கெட்டுவிட்டது என்று பயந்து, அந்தப் பிள்ளை அதைத் தன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு வேலைப் பங்கீட்டையே மாற்றினேன். குரல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பக்கம் வரவே தேவையில்லை. ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்ற இரண்டு சொற்களை மட்டும் பாடம் அனுப்பும். ஜாவா தன் போக்கில் ஒலியைப் பிடித்து, நேரடியாகச் சுருக்கிய கோப்பாக எழுதிவிட்டு, கோப்பின் பெயரை மட்டும் நிகழ்வாகத் திருப்பி அனுப்பும். விநாடிக்கு 32 கிலோபிட் என்ற அளவில் பதிந்தால் ஒரு நிமிடக் குரல் ஏறத்தாழ 240 கிலோபைட்டில் அடங்குகிறது. பேச்சுக்கு அந்தத் தரம் போதும். மானும் நிற்காமல் ஓடியது. பாலத்தின் மேல் பொருளை ஏற்றாமல் முகவரியை மட்டும் அனுப்பும் இந்த முறையை நான் அதற்குப் பிறகு எந்தக் கருவியிலும் கைவிட்டதில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்தச் செயலிக்கு உண்மையான தேவை வந்தது. இந்தக் கட்டத்தில்தான் தோட்டத்து வாழ்க்கை நிரலின் வடிவத்தைத் தீர்மானித்தது. பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவினுடையது. அவர் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) போய்ச் செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டுப் பிற்பகலில்தான் திரும்புவார். பிள்ளைக்குக் கருவி கிடைப்பது மாலையில் ஒரு மணி நேரம். வீடு பள்ளமான இடத்தில் இருந்தால் அந்த நேரத்தில் அலைவரிசை கிடைப்பதில்லை. மறுநாள் காலையில் அப்பா மேட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கிடைக்கிறது. ஆகவே, பிள்ளை மாலையில் பதிந்த குரல், மறுநாள் அப்பாவின் சட்டைப்பையில் செயலி மூடிக்கிடக்கும்போது, யாரும் தொடாமலேயே புறப்பட வேண்டும்.

பாடக் கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதைச் செய்யாது. செயலி மூடினால் அதன் உயிர் முடிந்தது. ஆண்ட்ராய்டின் ஒர்க் மேனேஜர் நூலகத்தில், ‘இணையம் கிடைக்கும்போது இதை அனுப்பு’ என்று நேட்டிவ் பக்கத்தில் பதிவு செய்துவிட்டால், அந்த வேலை கருவியின் தரவுத்தளத்தில் எழுதப்பட்டு, கைப்பேசியை அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்கும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணி வேலைகளை அடக்கிவிடும் சில கைப்பேசிகளில் மட்டும், செயலியை மீண்டும் திறந்தால்தான் கோப்பு புறப்பட்டது. இன்னொன்றையும் எதிர்பார்க்கவில்லை. கோப்பு போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் ‘கிடைத்தது’ என்ற விடை வருவதற்குள் அலைவரிசை அறுந்துவிடும். செயலி மறுபடியும் அனுப்பும். ஆசிரியை ஒரே பிள்ளையின் ஒரே குறளை மூன்று முறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் வழங்கி (சர்வர்) அதை ஒதுக்கிவிடும்படி செய்த பிறகே அது தீர்ந்தது.

ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதால் ஏரும் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடிந்தது உலாவியில் இயங்கிய ஃபிளாஷ் பிளேயர்தான். ஏரை 2019 முதல் ஹார்மன் நிறுவனம் பராமரித்து வருகிறது, 64-பிட் ஆண்ட்ராய்டுக்கான ஆதரவும் அங்கிருந்தே வந்தது. இருந்தாலும் நான் 2021-இல் பாடங்களை எச்டிஎம்எல்லுக்கு மாற்றி, செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூவுக்குள் வைத்தேன், ஏனெனில் எனக்குப் பின் இதைத் தொடரப் போகும் இளைஞர்களுக்குத் தெரிந்தது ஜாவாஸ்கிரிப்ட்தான். சில பாடங்களின் மூலக்கோப்பு தொலைந்துபோய், இறுதிக் கோப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அவற்றை மட்டும் ரஃபிள் என்னும் கட்டற்ற ஃபிளாஷ் போலியாக்கியைக் கொண்டு ஓட்டினேன். பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2-இல் எழுதியவை என்பதால் அவை நன்றாகவே ஓடின. ஆனால் ரஃபிள், உலாவி இயக்கும் வெப்அசெம்பிளி நிரலாக இயங்குவது; பாடக் கோப்புகளைச் சேமிப்பிடத்திலிருந்து நேரே திறந்தால் வெப்வியூ அதை ஏற்ற மறுத்தது. ஆண்ட்ராய்டு வழங்கும் அசெட் லோடரைப் பயன்படுத்தி, உள்ளே இருக்கும் கோப்புகளையே ஒரு பாதுகாப்பான இணைய முகவரியிலிருந்து வருவதுபோல் காட்டியதும் எல்லாம் திறந்தன. இணைய இணைப்பு இதற்குத் தேவையில்லை.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது தமிழுக்கே உரிய துன்பம். அந்தக் காலப் பாடங்களில் எழுத்துகள் யூனிகோடில் இல்லை. ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த 8-பிட் எழுத்துருவைக் கோப்புக்குள் பொதித்திருந்தார்கள். திரையில் பார்த்தால் தெளிவான தமிழ். அதே சொல்லைப் பாலத்தின் வழியாக நேட்டிவ் பக்கத்திற்கு அனுப்பி, கைப்பேசியின் குரல் வாசிப்பானிடம் கொடுத்தால் பொருளற்ற ஒலி. சொல் தேடலும் வேலை செய்யவில்லை. சொற்பட்டியல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றினேன். எ, ஏ, ஐ வரிசைக் குறிகள் பழைய முறையில் மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருந்ததால், அவற்றை இடம் மாற்றும் விதிகளையும் எழுத வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதற்கே போனது. தமிழ் செய்பவர்கள் இந்த வேலையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கோலசிலாங்கூரிலிருந்து

வணக்கம், ஐயா. ஒலியை நேட்டிவ் பக்கமே பிடிக்கட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். நான் வெப்வியூவில் ஓடும் இணையப் பக்கத்திலிருந்தே ஒலிவாங்கியைக் கேட்கும் வழியில் போனேன். செயலிக்கு அனுமதி கொடுத்தாயிற்று, அமைப்புகளிலும் அது காட்டுகிறது, ஆனால் பதிவு மட்டும் தொடங்கவே இல்லை. வெப்வியூவில் இரண்டு வாசல்கள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பயனர் செயலிக்கு அனுமதி தருவது ஒன்று. செயலி தனக்குள் இருக்கும் பக்கத்துக்கு அனுமதி தருவது இன்னொன்று. இரண்டாவதற்கு உறையில் நாமே விடை எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெப்வியூ திரையில் எதையும் காட்டாமல் மறுத்துவிடும். என் சோதனைகள் எல்லாம் உலாவியில் நடந்ததால், உலாவியே கேட்டு வாங்கிக்கொண்டது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அனுமதி கேட்கும் நேரமும் முக்கியம் என்று உணர்ந்தேன். ஆண்ட்ராய்டு 6 முதல் ஒலிவாங்கிக்கான அனுமதியைச் செயலி ஓடும்போதுதான் கேட்க முடியும். நான் செயலி திறந்தவுடன் கேட்டேன். பாட்டிமார் பலர் பயந்து ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டார்கள். ‘உன் குரலைப் பதிவு செய்’ என்ற பொத்தானைத் தொட்ட பிறகு கேட்கும்படி மாற்றியதும், எதற்காகக் கேட்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது.

மறுமொழி: பீடோங்கிலிருந்து

அண்ணே, எங்களுடையது பாடமல்ல, பாட்டு. பால்மரம் வெட்டிய காலத்துப் பெண்கள் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்கும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் பாடிய பாடல்களை, இன்னும் பாடக்கூடிய மூத்தவர்களிடமிருந்து பதிந்து, படங்களோடு ஒரு பல்லூடகத் தொகுப்பாகச் செய்து, இணையப் பக்கத்தைச் செயலியாக்கும் கோர்டோவா உறையில் போட்டோம். திரை அணைந்ததும் பாட்டு நின்றது. தாலாட்டைப் போட்டுவிட்டு யாரும் திரையைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க மாட்டார்கள் அல்லவா? ஒலி ஓட்டும் வேலையை இணையப் பக்கத்திலிருந்து பிடுங்கி, அறிவிப்போடு கூடிய, திரை அணைந்தாலும் நிற்காத முன்னணிச் சேவையாக நேட்டிவ் பக்கத்தில் எழுதினோம். பூட்டுத்திரையிலேயே நிறுத்தவும் தொடரவும் பொத்தான்கள் வந்தன. அழைப்பு வந்தால் பாட்டு தானாக அடங்கி, பேசி முடித்ததும் தொடர்கிறது. ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, அந்தச் சேவை ஊடகம் ஓட்டுவதற்கானது என்று வகையைத் தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாத பதிப்பு, பாட்டைத் தொட்டவுடன் மூடிக்கொண்டது.

பதிவு செய்து கொடுத்த மூதாட்டிகளில் ஒருவர், தம் குரல் மகளின் கைப்பேசியில், திரை இருண்ட பிறகும் கேட்டதைத் தெரிந்துகொள்ளும் முன்பே காலமாகிவிட்டார். அந்தத் திருத்தத்தை ஆறு மாதம் முன்னதாகச் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

மறுமொழி: கிள்ளானிலிருந்து

ஐபோனில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வகுப்பில் ஆசிரியர்கள் கைப்பேசியை அமைதி நிலையில் வைத்திருப்பார்கள். அந்த நிலையில், இணையப் பக்கத்தின் வெப் ஆடியோ முறையில் ஓடும் ஒலி எங்கள் செயலியில் கேட்கவில்லை; காணொளியின் ஒலி மட்டும் கேட்டது. இரண்டு நாள் எங்கள் ஒலிக்கோப்புகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். குரல் விளக்கங்களை நேட்டிவ் பக்கம் கொண்டுபோய், ஒலி அமர்வை ‘ஓட்டுவதற்கானது’ என்று அறிவித்து ஓட்டினோம், தீர்ந்தது.

ஒரு கேள்வியும் உண்டு. பாடத்தில் வெளி இணையதளங்களுக்கு இணைப்புகள் இருக்கின்றன. அவற்றை அதே வெப்வியூவில் திறக்கலாமா?

தொடங்கியவரின் மறுமொழி

தயவுசெய்து திறக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு நாம் கட்டிக்கொடுத்த பாலம், அந்த வெப்வியூவில் ஏறும் ஒவ்வொரு பக்கத்திற்கும் திறந்தே இருக்கும். நம் பாடம் எது, அயல் பக்கம் எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ‘பதிவைத் தொடங்கு’ என்று நம் பாடம் சொல்வதை எந்த அயல் பக்கமும் சொல்லிவிட முடியும். ஆண்ட்ராய்டு 4.2-க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். பாலத்தில் வைத்த ஒரு ஜாவாப் பொருளைப் பிடித்துக்கொண்டு, வேறு எந்த ஜாவா வகுப்பையும் பக்கம் அழைக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான், வெளிப்படையாகக் குறியிட்ட செயற்கூறுகள் மட்டுமே தெரியும் என்ற விதி வந்தது. நான், அசெட் லோடரின் முகவரியில் தொடங்காத எந்த இணைப்பையும் உறையிலேயே மறித்து, கைப்பேசியின் உலாவிக்கு அனுப்பிவிடுகிறேன்.

பிள்ளைகளின் குரல் என்பதால் இன்னும் சில காவல்களை வைத்திருக்கிறேன். கோப்புகள் பொதுச் சேமிப்பிடத்தில் விழாமல் செயலிக்கே உரிய இடத்தில் இருக்கும். போய்ச் சேர்ந்தது உறுதியானதும் கைப்பேசியிலிருந்து அழியும். ஆசிரியை கேட்டுக் குறித்த பிறகு வழங்கியிலிருந்தும் அழியும். பீடோங் தம்பியின் தொகுப்புக்கு நேர்மாறான தேவை இது. அங்கே குரல் நிலைக்க வேண்டும், இங்கே நிலைக்கக் கூடாது. தம்பி, உங்கள் முன்னணிச் சேவைக்கான நிரலைப் பகிர முடியுமா? குறளைத் திரை அணைந்த பின்னும் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை இப்போது கேட்கிறார்.