ஒரு சதவீதமாகக் கலந்த தேயிலை மர எண்ணெயும் தோலைச் சிவக்க வைக்கிறது

முகப்பருவுக்காகத் தேயிலை மர எண்ணெயைக் கலந்து வைத்தேன். 30 மில்லி பாதாம் எண்ணெயில் 6 சொட்டு, அதாவது ஏறக்குறைய ஒரு சதவீதம். முகத்தில் வைக்குமுன் முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை, தடவிய இடம் மட்டும் நாணய அளவுக்குச் சிவந்து, ஓரங்களில் பொடிப்பொடியாகத் தடித்திருந்தது. அரிப்பு அடங்க நான்கு நாள் ஆயிற்று.

முதலில் பாதாம் எண்ணெயைத்தான் சந்தேகித்தேன். அதைத் தனியாக மறு கையில் தடவினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து 3 சொட்டாகக் குறைத்தேன். மீண்டும் அதே அரிப்பு, இம்முறை சில மணி நேரத்திலேயே. சொட்டின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சால் 0.15 மில்லி அளந்தும் கலந்தேன். பலன் இல்லை. இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

புட்டியைத் திறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பழுப்புக் கண்ணாடிதான், ஆனால் வெயில் படும் குளியலறை ஜன்னலோரம் வைத்திருந்தேன் (என் புத்தி அவ்வளவுதான்). வாசனை முன்பைவிடக் காரமாக அடிக்கிறது. காற்றுப்பட்டுப் பழசான தேயிலை மர எண்ணெய் ஒவ்வாமையை எளிதில் தூண்டும் என்று தெரியும். முன்பு இதே புட்டியை இதே அளவில் பயன்படுத்தியபோது தொல்லை இருந்ததில்லை.

புதுப் புட்டி வாங்கி அரை சதவீதத்தில் மறுபடி சோதிக்கலாமா, அல்லது ஒருமுறை ஒவ்வாமை வந்த பிறகு இந்த எண்ணெயை அடியோடு விட்டுவிட வேண்டுமா?