குடியாத்தம் முன்சீப் கோர்ட்: எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகி 30 நாள் தாண்டிவிட்டது, என்ன வழி?

கேள்வி (பாலாற்றங்கரை):
3 லட்ச ரூபாய் புரோநோட்டு வழக்கு. பிரதிவாதிக்கு வயது 68. சம்மன் வாங்கி வக்காலத்தும் போட்டாயிற்று, ஆனால் எதிருரை (வழக்குக்கான எழுத்துப்பூர்வ பதில்) தாக்கலாகவில்லை. 10-2-2025 அன்று ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிட்டது. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 19 வரை அவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் உள்நோயாளி. ஏப்ரல் 21 அன்று நிறைவேற்று மனு (டிக்ரித் தொகையை வசூலிக்க வாதி போடும் மனு) நோட்டீஸ் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. டிக்ரியை ரத்து செய்யக் கேட்பதற்கான 30 நாள், தெரிந்த நாளிலிருந்து கணக்கு வருமா? டிக்ரியின் சான்றிட்ட நகல் வாங்கும் நாளைக் கழித்துக்கொள்ளலாமா?

சத்துவாச்சாரி:
இரண்டுமே வராது சார். லிமிடேஷன் (காலவரையறை) சட்ட அட்டவணையின் 123ஆவது ஆர்ட்டிகிள்படி, சம்மன் முறையாகக் கையில் சேராதவருக்குத்தான் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. இவர் வக்காலத்தே போட்டிருக்கிறார், அதனால் டிக்ரி தேதியிலிருந்துதான் எண்ணவேண்டும். பிப்ரவரி 10ஐ விட்டுவிட்டு எண்ணினால் மார்ச் 12 கடைசி நாள். ஜூன் 3 தாக்கல் செய்தால் தாமதம் 83 நாள். கோர்ட்டின் மே விடுமுறையும் அதில் சேரும். கடைசி நாளே விடுமுறையில் விழுந்திருந்தால் மட்டும் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம்.

நகல் நாள் கழிப்பது அப்பீல், ரிவிஷன், ரிவியூ போன்றவற்றுக்கு. ஒருதலை டிக்ரியை ரத்து செய்யக் கேட்கும் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13 மனுவுக்கு அது கிடையாது. நகலுக்காகக் காத்திருந்து நாளைத் தொலைக்காதீர்கள்.

சேர்த்துப் போடவேண்டியவை: தாமதத்தை மன்னிக்க லிமிடேஷன் சட்டம் செக்‌ஷன் 5 மனு, டிக்ரியை ரத்து செய்ய ஆர்டர் 9 ரூல் 13 மனு, இரண்டுக்கும் தனித்தனி அபிடவிட் (பிரமாணப் பத்திரம்), கூடவே எதிருரை. எதிருரை இல்லாமல் போனால் ‘வழக்கை இழுக்கத்தான் வந்திருக்கிறார்’ என்று வாதி தரப்பு முதல் வார்த்தையிலேயே சொல்லும்.

நகல்மனு:
அபிடவிட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘உடல்நிலை சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்தால் மனு நிற்காது. இந்த வழக்கில் டிஸ்சார்ஜ் சம்மரி பிப்ரவரி 19 வரைதான் காப்பாற்றும். அதன்பின் ஏப்ரல் 21 வரை இரண்டு மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. வீட்டில் ஓய்வு என்றால் மறுபரிசோதனைச் சீட்டு, மருந்துக்கடை பில் எல்லாம் தேதி வரிசையில் வேண்டும். இன்னொரு ஓட்டை: ஏப்ரல் 21 நோட்டீஸ் வந்தும் விடுமுறைக்கு முன் ஏன் மனு போடவில்லை? குறுக்கு விசாரணையில் இந்தப் பத்து நாளைத்தான் முதலில் பிடிப்பார்கள். கேஸ் கட்டு வாங்கியது, டைரி பார்த்தது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்.

வக்கீல் சொல்லவில்லை என்பது உண்மையானால் எழுதலாம், ஆனால் ஆதாரத்தோடு. 1998இல் உச்ச நீதிமன்றம் என்.பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தையே மன்னித்தது. நாள் எத்தனை என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. அந்த மனுதாரர் தன் வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்கே போயிருந்தார்.

பாலாற்றங்கரை:
நன்றி ஐயா. நிறைவேற்று மனு அதுவாக நிற்குமா? அப்பீலே போட்டுவிடலாமா?

சத்துவாச்சாரி:
அதுவாக நிற்காது. தனியாகத் தடை மனு போடவேண்டும். ஒரு பகுதித் தொகையைக் கட்டச் சொல்ல வாய்ப்பு உண்டு, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்கோர்ட்டில் அப்பீல் போடலாம், அதற்கும் 30 நாள்தான், அதிலும் தாமத மனு வேண்டும். வழக்குத் தொகைக்கான கோர்ட் கட்டணமும் கட்டவேண்டும். அப்பீல் தள்ளுபடியாகிவிட்டால் ரூல் 13 கதவு மூடிவிடும். பிரதிவாதி சாட்சியே சொல்லாத வழக்கில் அப்பீலில் பேச என்ன இருக்கிறது? ரூல் 13தான் சரி.

செக்‌ஷன் 5 மனு தள்ளுபடியானால் சென்னை உயர்நீதிமன்றத்தில் சிவில் ரிவிஷன் (சீராய்வு மனு). தாமதம் மன்னிக்கப்பட்டு ரூல் 13 மனு மட்டும் தள்ளுபடியானால் சி.எம்.ஏ. (சிவில் மிஸ்லேனியஸ் அப்பீல்).

நகல்மனு:
எதிர்தரப்புக்கு நோட்டீஸ் உத்தரவானதும் பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டத் தவறாதீர்கள். அதைக் கட்டாமலே தள்ளுபடியான மனுக்கள் ஏராளம். மனு அனுமதியானாலும் பெரும்பாலும் செலவுத்தொகையோடுதான் வரும். ‘இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி’ என்று உத்தரவிலேயே இருக்கும். தேதி தப்பினால் சிவில் நடைமுறைச் சட்டம் செக்‌ஷன் 148இல் நீட்டிக்கக் கேட்கலாம், அதுவும் மொத்தம் 30 நாளுக்கு மேல் இல்லை. வாதியின் வக்கீல் செலவுத்தொகையை வாங்க மறுத்தால் அன்றே மெமோ போட்டுக் கோர்ட்டில் கட்டுங்கள்.