நெட் கெல்லி நாவலைப் படித்தவர்கள் உண்டா?

பீட்டர் கேரியின் 'ட்ரூ ஹிஸ்டரி ஆஃப் த கெல்லி கேங்' முடித்த சூட்டோடு எழுதுகிறேன். 2001இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல், எனக்கு இப்போதுதான் கிடைத்தது. கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் கதை ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விக்டோரியாவின் ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பையன், 1878இல் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே மூன்று போலீஸ்காரர்கள் சாவு, இரண்டு பேங்க் கொள்ளை, 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கு. முடிவு தெரிந்தும் கீழே வைக்க மனசு வரவில்லை. காரணம் அந்தக் குரல்.

கெல்லியே பேசுகிறான். தான் பார்த்தேயிராத மகளுக்கு எழுதுகிறான் (மகள் கேரியின் கற்பனை). காற்புள்ளியே இல்லாமல் மூச்சிரைக்க ஓடுகிற வாக்கியங்கள். பிள்ளை படிக்கப்போகிறதே என்று கெட்ட வார்த்தைகளை மட்டும் மறைத்து எழுதுகிறான், போலீஸைச் சுட்டவன்! இந்த நடைக்கு விதை நிஜக் கெல்லி போட்டதுதான். 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரி ஊரையே பிடித்து வைத்திருந்தபோது, அச்சடிக்கச் சொல்லி ஒரு கடிதம் கொண்டுவந்தான். ஏறக்குறைய 8000 சொற்கள், அவன் சொல்லச் சொல்ல எழுதியது கூட்டாளி ஜோ பைர்ன். அதில் போலீஸைத் திட்டுவதைப் படித்துப் பாருங்கள்: தடித்த கழுத்து, வோம்பாட் என்ற குண்டு விலங்கின் தலை, மேக்பை பறவையின் கால் என்று அடுக்கிக்கொண்டே போவான். அவன் உயிரோடு இருந்தவரை அது முழுசாக அச்சேறவில்லை.

நாவலின் உயிர் அம்மா எல்லன்தான். மகனை ஹாரி பவர் என்ற வழிப்பறிக்காரனிடம் தொழில் பழக விடுவதும் அவள்தான், அவன் கடைசிவரை மீட்கத் துடிப்பதும் அவளைத்தான். நிஜத்திலும் மகன் தூக்கில் தொங்கியபோது அவள் அதே சிறையில் கைதி. காதல் பகுதி மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

*

தோழர், கர்னோ வாத்தியாரை விட்டுவிட்டீர்களே! (படிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) கிளென்ரோவன் ஊரில் கெல்லி தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு போலீஸ் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, நைசாகப் பேசி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கி, சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தி பிடித்து ரயிலை நிறுத்திய மனிதர். அது வரலாறு. நாவலில் அவர் கெல்லியின் எழுத்தைப் பாராட்டி, பிழை திருத்தித் தருகிறேன் என்று சொல்லியே தப்பிக்கிறார். எழுதத் தெரிந்தவன் என்று ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கத்தில் மாட்டிக்கொள்கிறான் பாவி. எழுதுகிற நமக்கெல்லாம் அது கொஞ்சம் சுடும்.

*

நான் மெல்போர்னில் இருக்கிறேன். கிளென்ரோவன் சண்டையில் கெல்லி போட்டிருந்த இரும்புக் கவசம் இங்கே விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது, ஜெரில்டெரி கடிதமும் அவர்களிடம்தான். நாவல் படித்த பிறகு போய்ப் பார்த்தேன். கலப்பைத் தகட்டில் அடித்தது, 44 கிலோ வரும். குண்டு பட்ட பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. கால்களுக்குத்தான் மறைப்பு இல்லை, அங்கே சுட்டுத்தான் அவனைச் சாய்த்தார்கள்.

ஒன்று சொல்லணும். கெல்லியை இங்கே எல்லோரும் கொண்டாடுவதில்லை, கொலைகாரன் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நாவல் முழுக்க அவன் வாய்மொழி. அன்று ஓடையருகே செத்த கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் தரப்பை அவன் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அவன் பேச்சில் மயங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன் என்பதும் உண்மை.