ஒரு போராட்டத்துக்குப் பாட்டு எப்போது கைகொடுக்கிறது?

கரைக்காவல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏரியில் சாயப்பட்டறைக் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து நாங்கள் ஒரு சிறு குழுவாகச் சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறோம். ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் நாள்களில் மனு கொடுத்தோம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினோம், கிராமசபையில் தீர்மானமும் நிறைவேற்றினோம். இப்போது குழுவிலுள்ள இளைஞர்கள் ஒரு பாடல் காணொளி எடுக்க வேண்டும் என்கிறார்கள். மூத்தவர்களோ, கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தையும் பாட்டில் கரைப்பதைவிட, நீர் மாதிரிகளை ஒரு நல்ல ஆய்வகத்துக்கு அனுப்புவதே மேல் என்கிறார்கள்.

கொடைக்கானல் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கிடைத்ததே ஒரு ராப் பாட்டால்தான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எண்ணூரைப் பற்றி அவ்வளவு அருமையான பாடல் வந்த பிறகும் கழிமுகத்தில் சாம்பல் அப்படியேதானே கிடக்கிறது என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டையும் அருகிலிருந்து கவனித்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு போராட்டத்தில் பாட்டு உண்மையில் என்ன வேலையைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை விளக்கினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். பாடல்களின் இசைத்தரம் பற்றிய விவாதம் இந்த இழையில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பாறு எழுதியது:

கொடைக்கானலில் இழப்பீடு கிடைத்தது பாட்டால்தான் என்று சொல்வது, அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டு உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடும். ஆகவே அந்த வரலாற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அதை நடத்திய பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் அதன் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழைய பொருள் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் அளவுக்குக் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பணக்கார நாடொன்றுக்கு இந்தியாவிலிருந்து நச்சுக்கழிவு திரும்பிச் செல்வது அரிதினும் அரிது. 2006 இல் முன்னாள் தொழிலாளர்களின் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. தொழிலாளர்களின் உடல்நலக்கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்துவந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோன்ட்' 2015 ஜூலை இறுதியில்தான் வெளிவந்தது. உலகமே அறிந்திருந்த, அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் மெட்டில், ஆங்கிலத்தில், மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டு அது. காணொளியைப் பார்த்தவர்கள் கையெழுத்திடுவதற்கென்று ஒரு கோரிக்கை மனுவை ஜட்கா அமைப்பு ஆயத்தமாக வைத்திருந்தது. நிக்கி மினாஜே அதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். பல இலட்சம் பேர் பார்த்தார்கள். யூனிலீவரின் அன்றைய உலகத் தலைமை நிர்வாகி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்களது குடும்பத்தினருடனும் ஒப்பந்தம் ஏற்பட்டது.

என் கருத்தில், பாட்டு ஒரு வேலையை மிகச் சரியாகச் செய்தது: நிறுவனம் யாருக்கு அஞ்சுமோ அவர்களின் காதுக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. திண்டுக்கல் மாவட்டத்து மலையூரில் ஒரு தொழிலாளி சிறுநீரகம் பழுதாகிக் கிடக்கிறார் என்பது லண்டனில் இருக்கும் பங்குதாரருக்கு எட்டாது. தாம் வாங்கும் சோப்பின் பெயர் ஒரு கேலிப் பாட்டில் அடிபடுகிறது என்பது எட்டும். பாதரச ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் புகைப்படம் எடுத்துக் காட்ட வழியில்லாத இடத்தில், பாட்டுத்தான் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது.

ஆனால் பாட்டு வந்த நாளில் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது, வழக்கு இருந்தது, ஆவணங்கள் இருந்தன, என்ன வேண்டும் என்ற தெளிவான கோரிக்கையும் இருந்தது. இவை இல்லாதிருந்தால் போல்மனின் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்? இதற்குச் சான்று அதே ஊரிலேயே இருக்கிறது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்ற சிக்கலை முன்வைத்து, 2018 இல் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சோஃபியாவுடன் சேர்ந்து இரண்டாவது பாடலைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்ற அளவுகோல் பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளுக்கு ஏற்கப்படுமா என்பது நியாயமான கேள்விதான். என்றாலும் மில்லிகிராம் கணக்கு, நோயுற்ற மனிதரின் முகம் போல மனத்தில் தைப்பதில்லை. இரண்டாவது பாடல் முதலாவதைப் போலப் பரவவில்லை, அளவுகோலும் அசையவில்லை.

தப்பிசை எழுதியது:

பாம்பாறு அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேட்பவர் யார் என்ற கேள்வியை நிறுவனத்தின் பக்கமிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார். பாடுபவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கொடைக்கானல் பாட்டு அந்தத் தொழிலாளர்கள் பேசும் மொழியில் இல்லை. தங்கள் நிறுவனத்தைத் தாங்களே பாடி எள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அதில் இல்லை. அது தவறு என்று சொல்லவில்லை; வெளியே வீசுவதற்கென்று செய்த கருவி அது.

உள்ளே கூட்டுவதற்கான பாட்டு வேறு வகை. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பறை, பின்பாட்டுக்குச் சில தோழர்கள், தெருமுனை என்று அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒருமுறை கேட்டவுடன் கூட்டமே திருப்பிப் பாடக்கூடிய பல்லவி. 2015 அக்டோபர் 30 நள்ளிரவில் அவரைத் திருச்சியில் கைது செய்து, அரச நிந்தனை வழக்கான 124-அ பிரிவைப் போட்டார்கள். ஒரு பாட்டுக்கு 124-அ! அதுவரை கூட்டங்களில் ஒலித்துவந்த பாட்டு, கைதுக்குப் பிறகு கைப்பேசிகளில் எல்லாம் ஒலித்தது. அந்த விளம்பரத்தை அரசே செய்து கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் மதுவிலக்கைப் பேசின. 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூடவும் கடை திறக்கும் நேரத்தைக் குறைக்கவும் உத்தரவிட்டார். இதைப் பாட்டின் சாதனை என்று நான் உரிமை கொண்டாடவில்லை. கடைகளை அடித்து நொறுக்கிய பெண்கள், 2015 ஜூலையில் போராட்டக் களத்திலேயே உயிர்விட்ட காந்தியவாதி சசிபெருமாள் என்று அதற்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள் என்பதே பாட்டின் பங்கு.

எண்ணூர் பற்றியும் சொல்கிறேன். 2017 பொங்கலையொட்டி வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' கபேர் வாசுகி எழுதி, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி. எம். கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடியது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த இடத்தில் நின்று, சென்னை வழக்குச் சொற்களை ஆனந்தபைரவியில் பாடியபோது அதிர்ந்தவர்கள் எண்ணூர் மீனவர்கள் அல்லர், மயிலாப்பூர் சபாக்காரர்கள்தான். அந்த அதிர்ச்சி வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெள்ள வடிகாலை அடைத்தால் 2015 டிசம்பர் வெள்ளம் போலத் தென்சென்னையும் மூழ்கும் என்ற செய்தி, அதுவரை வடசென்னை பக்கமே திரும்பாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் சாம்பல் குழாய்கள் கசிந்துகொண்டேதான் இருந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. பாட்டு வந்து அப்போது ஏழாண்டு ஆகப்போகிறது.

உங்கள் ஏரிக்கு எது வேண்டும் என்பதை இதிலிருந்தே முடிவு செய்யலாம். சாயப்பட்டறையில் கூலிவேலை செய்பவர்களும் அதே ஊரில்தான் இருப்பார்கள். அவர்களை வில்லன்களாக்கும் காணொளி வெளியூரில் பரவினால், ஊருக்குள் நீங்கள் தனியாகி விடுவீர்கள்.

ஹட்சன்கரை எழுதியது:

நான் நியூயார்க் பக்கம் வசிப்பவன். இங்கே பாட்டும் ஓர் ஆறும் சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. உங்கள் மூத்தவர்களும் இளைஞர்களும் போடும் சண்டைக்கு அது பொருந்தும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

1960களில் ஹட்சன் ஆறு சாக்கடையாகக் கிடந்தது. அதன் கரையிலிருந்த பீக்கன் ஊரில் வாழ்ந்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், ஆற்றைப் பற்றிப் பாட்டெழுதியதோடு நிற்கவில்லை. பழங்கால ஆற்றுக் கப்பல் ஒன்றைக் கட்டுவோம் என்று கச்சேரி கச்சேரியாகப் பாடி நிதி திரட்டினார். 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' பாய்மரக் கப்பல் 1969 இல் நீரில் இறங்கியது. அது கரையோர ஊர்களில் நின்று நின்று சென்றது; பாட்டுக் கேட்க வந்தவர்கள் கப்பலில் ஏறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் வலை வீசி ஆற்று உயிர்களைப் பிடித்துப் பார்த்தார்கள், நீரைச் சோதித்தார்கள். பாட்டுச் செலவும் ஆய்வுச் செலவும் அங்கே ஒரே கணக்கில் எழுதப்பட்டன.

சீகரைப் பற்றிக் கரையோர ஊர்களில் சந்தேகம் இல்லாமல் இல்லை. 1955 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கம்யூனிச விசாரணையில் பதில் சொல்ல மறுத்ததால், பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் பல ஆண்டுகள் அவரை ஒதுக்கி வைத்திருந்தன. ஆற்றை நேசிப்பவர்கள் அரசியலில் எதிரெதிர் நிலையில் இருந்தாலும் ஒரே கப்பலில் ஏற முடிந்தது என்பதுதான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று, பொறுமை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1977 வரை ஆற்றில் கொட்டிய பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருளைத் தூர்வாரி எடுக்கும் பணி 2009 இல்தான் தொடங்கி 2015 இல் முடிந்தது. கிளியர்வாட்டர் அமைப்பு அவ்வளவு காலமும் அதை விடாமல் வலியுறுத்தி வந்தது. சீகர் 2014 ஜனவரியில் காலமானார். எந்தப் பாட்டும் அந்தத் தூர்வாரலுக்கு உத்தரவிடவில்லை. ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் நடந்த இசைவிழாதான், நாற்பது ஆண்டுகளாக அந்த அமைப்பு கலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டது.

கரைக்காவல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தப்பிசை அவர்கள் சாயப்பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னது எங்கள் கூட்டத்தில் ஒருமுறைகூடப் பேசப்படாத விஷயம். ஒரு துணைக்கேள்வி: பாட்டில் நிறுவனங்களின் பெயரைச் சொல்லலாமா? பெயர் சொல்லாவிட்டால் பாட்டுக்கு என்ன கூர்மை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

சாட்சியம் எழுதியது:

நீதிமன்ற வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாட்டு என்பதால் அவதூறுச் சட்டம் விலகி நிற்காது. சோஃபியா அஷ்ரஃபின் பாட்டு நிறுவனத்தின் பெயரை நேரடியாகவே சொன்னது. அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் அந்தக் குற்றச்சாட்டுகள் பொதுவெளியில் ஆவணமாகிவிட்டிருந்ததால் அந்தத் துணிவுக்கு அடித்தளம் இருந்தது. உங்களிடம் அந்த அடித்தளம் இப்போது இல்லை. மூத்தவர்கள் சொல்லும் நீர் ஆய்வு அதைத் தரும்.

ஆகவே முதலில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரிகளைக் கொடுங்கள். மாதிரி எடுக்கும்போது இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறைக்கு எந்த நிபந்தனையில் இசைவாணை கொடுத்திருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாரியத்திடம் கேளுங்கள். இவை கைக்கு வந்ததும் பாட்டை எழுதலாம். ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தாள் ஆதாரம் என்று வரியோரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தாள் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். அதுவரை பட்டறைகளின் பெயரை விட்டுவிட்டு, நடவடிக்கை எடுக்க வேண்டிய அலுவலகத்தைப் பெயர் சொல்லி, நீங்கள் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று பாட்டிலேயே கேட்கலாம். மனு எண்ணும் தேதியும் பல்லவிக்குள் அடங்குமா என்பதைப் பாட்டெழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.