யாழ்ப்பாணத்தில் பாலே வகுப்பு: சீமெந்து நிலத்தில் தொடங்கலாமா?

நல்லூர்வாசி:
திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடனக்கூடம் பாலே வகுப்பு தொடங்கப் போகுது. துண்டுப்பிரசுரத்தில இருக்கிறது இதுதான்: 5 வயதிலயிருந்து பெரியவர்கள் வரை சேரலாம், எல்லாருக்கும் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம், முதல் வருட முடிவில் பொயின்ற் சப்பாத்து, அதாவது விரல் நுனியில நிண்டு ஆடுற சப்பாத்து. மண்டபம் 24 அடிக்கு 16 அடி, சீமெந்துக்கு மேல ரைல்ஸ். பிள்ளையைச் சேர்க்கலாமோ? அம்மாமாரும் சேரலாமோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பிளியே:
தொடங்கட்டும், நல்ல விசயம். திஸ்ரத்தில ஊறின காதுக்கு வால்ட்ஸின்ர மூண்டெண்ணிக்கை உடனே பிடிபடும். ஆனா 5 வயதும் 9 வயதும் பெரியவையும் ஒரே வகுப்பில நிக்கேலாது. 5, 6 வயதுக்கு 40 நிமிசம் போதும்: துள்ளு நடை, குதிரையோட்டம், இசை நிண்டால் நிக்கிறது, காலை நீட்டி இருந்து பாதத்தை நீட்டி மடக்கிறது. சுவரோரக் கம்பியைப் பிடிச்சுப் பழகிறது 7, 8 வயதில, அதுவும் சுவரைப் பாத்தபடி ரெண்டு கையாலயும். பெரியவைக்கு 75 நிமிசம் வேணும், அதில பாதி கம்பியில போகோணும். பிளியே (முழங்காலை மடிக்கிறது), தாந்து (பாதத்தை நிலத்தோட வழுக்கி நீட்டுறது) எண்டு சின்ன அசைவில தொடங்கி, பெரிய வீச்சுகள் பிறகு. குதிப்பு கடைசியில, முதல் மூண்டு மாசம் ரெண்டு காலாலை மட்டும்.

அரைமண்டி:
வகுப்பைப் பிரிக்கிறது லேசு தம்பி. வரப்போற பிள்ளையள் அநேகமாய் ஏற்கெனவே பரதம் பழகிறவை, சிக்கல் அங்கைதான். பரதத்தில குதித்து மெட்டு எண்ட அடவை எடுங்கோ: நுனிக்காலில துள்ளி எழும்பி, குதிக்காலைச் சத்தம் வர நிலத்தில அடிக்கோணும். பாலேயில சோத்தே எண்ட குதிப்பில இறங்கேக்கை விரல், முன்பாதம், குதி எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய், சத்தமில்லாமல் வரோணும், அதோட முழங்காலும் மடியோணும். நாலு வருசம் மெட்டு அடிச்ச குதி ரெண்டு கிழமையில மாறாது. அரைமண்டியில முழங்கால் மடிஞ்சபடியே நிக்கும்; அங்கையோ மடிச்சு எழும்பினால் முழுக்க நீளோணும். ரெண்டையும் ஒரே வயதில போட்டுக் குழப்பினால் ரெண்டும் பழுதாகும். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்கு ஒவ்வொரு தரமாய் ஏறிப் போற பிள்ளையை ஏன் இடையில மறிக்கிறியள்? சாதாரண தரத்தில பரதம் ஒரு பாடம். பாலே அப்பிடியில்லை.

பிளியே:
அக்கா, சோதினைக் கணக்கு சரி. உடம்புக் கணக்கை ஏற்கமாட்டன். ரெண்டிலயும் கால் வெளித்திரும்பிறது இடுப்பு மூட்டிலயிருந்துதான். பிழை ஒரே மாதிரி வரும்: இடுப்பு திரும்பாத பிள்ளை பாதத்தை மட்டும் 180 பாகைக்கு இழுத்து வைக்கும், முழங்கால் உள்ளுக்கு விழும், பாதத்தின்ர வளைவு சரிஞ்சு பெருவிரல் பக்கம் நிலத்தில ஒட்டும். முன்னுக்கு நிண்டு பாருங்கோ: முழங்காலை மடிக்கேக்கை அது ரெண்டாவது விரலுக்கு நேரே நிக்கோணும். நிக்காட்டில் பாதத்தை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ, 90 பாகையெண்டாலும் பரவாயில்லை. இதைப் பாக்கிற ஆசிரியர் இருந்தால் பரதத்துக்கும் அது நன்மை.

கொக்குவில் தச்சன்:
நீங்கள் ரெண்டு பேரும் நிலத்தை விட்டிட்டியள். ரைல்ஸில பாலே குதிக்கக் கூடாது. முன்கால் எலும்பில நோவும் குதித் தசைநாண் வீக்கமும் பெரியவைக்கு முதல் வரும், பிள்ளையளுக்குப் பிறகு வரும்.

நல்லூர்வாசி:
நுரை மெத்தை விரிச்சால் போதாதோ அண்ணை? புதிர் மாதிரிக் கொழுவுறது கடையில கிடைக்குது.

கொக்குவில் தச்சன்:
அது இன்னும் மோசம். பாதம் மெத்தைக்குள்ள தாண்டு பிடிபடும், உடம்பு சுழலும், திருகல் முழங்காலுக்குப் போகும். கீழ நெகிழ்வும் மேல உறுதியும் வேணும்.

24க்கு 16 எண்டால் 384 சதுர அடி. 8க்கு 4 பிளைவூட் ஒரு அடுக்குக்கு 12, ரெண்டு அடுக்குக்கு 24. ரெண்டும் 12 மில்லிமீற்றர், ஈரம் தாங்கிற மரைன் தரம். முதல் சீமெந்துக்கு மேல தடிச்ச பொலித்தீன், மழைக்காலத்தில கீழயிருந்து ஈரம் ஏறும். கீழ் அடுக்கின்ர அடிப்பக்கத்தில அடிக்கு ஒண்டாய் 2 அங்குல அடர்நுரைக் கட்டை ஒட்டோணும். மேல் அடுக்கு குறுக்காகப் போகோணும், மூட்டுக்கு மேல மூட்டு வரப்படாது. ரெண்டையும் முக்கால் அங்குலத் திருகாணியால பிணையுங்கோ. நீளம் கூடினால் நுனி கீழால வரும். சீமெந்தோட எதையும் அறையக் கூடாது, அறைஞ்சால் நெகிழ்வு போச்சு. சுவரோரம் சுத்திவர அரை அங்குலம் இடைவெளி. இதை விடாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பலகை ஊதி நடுவில கூம்பும். மேல நடனத்துக்கெண்டு வாற வினைல். வீட்டுக்கு விரிக்கிற மினுங்கல் வினைல் வேர்வை பட்டால் வழுக்கும். கறையான் மருந்து பலகை போட முதல் அடியுங்கோ.

கம்பிக்கு ஒன்றரை அங்குல ஜீஐ குழாய் காணும், மரமெண்டால் பிடி நல்லது. பெரியவைக்கு 42 அங்குல உயரம், சின்னவைக்கு 32.

அரைமண்டி:
இந்த ஊரில தலைமுறை தலைமுறையாய்ச் சீமெந்தில ஆடினவை. எல்லாருக்கும் கால் போகேல்லை.

இயன்மருத்துவம்:
சீமெந்தில் பரதம் ஆடுபவர்களுக்கும் குதிவலி, முழங்கால் வலி வராமல் இல்லை. பாலேயில் உடல் முழுவதும் மேலே எழும்பித் திரும்பத் திரும்ப இறங்குகிறது. கடினமான தரையில் அந்த அதிர்ச்சியைக் கெண்டைத்தசையும் குதித் தசைநாணும் வாங்குகின்றன. தச்சன் சொன்னது சரி.

ஆனால் அந்தத் துண்டில் ஆபத்தானது பொயின்ற் வாக்குறுதி. 12 வயதுக்கு முன் வேண்டாம்: பாத எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. வயது மட்டும் போதாது. கிழமைக்கு இரண்டு வகுப்பு வீதம் நாலாவது வருடத்தில்தான் அதைப் பற்றிக் கதைக்கலாம். பாதத்தை நீட்டும்போது அதன் மேற்பகுதி முன்கால் எலும்போடு ஒரே கோட்டில் வர வேண்டும். ஒற்றைக்காலில் முழங்கால் மடியாமல் 20 தரம் குதியை உயர்த்தி இறக்க வேண்டும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வரும் பிள்ளைக்கு எந்த வருடத்திலும் பொயின்ற் தேவையில்லை. சாதாரண சப்பாத்து அளவைச் சொல்லி இணையத்தில் எடுப்பதும் கூடாது. பாதத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டும். விரல்களை மூடும் கடினமான முன்பகுதியான பெட்டியின் அகலம் கூடினால் பாதம் உள்ளே வழுகி முழுப்பாரமும் பெருவிரலில் இறங்கும்.

நல்லூர்வாசி:
அப்ப உடுப்பு? லியோட்டாட் (உடம்போட ஒட்டின ஆட்ட உடுப்பு) எண்டால் சில அம்மாமார் வரமாட்டினம்.

பிளியே:
ஒட்டின லெகின்ஸும் இறுக்கமான ரீசேட்டும் போதும். முழங்காலும் இடுப்பும் ஆசிரியருக்குத் தெரியோணும், தொளதொளத்த சுடிதாரில பிழை ஒளிஞ்சிடும். தொடக்கத்துக்குக் கன்வஸ் சப்பாத்து, முழு அடித்தோல் உள்ளது. இறுக்கு நூலை முடிஞ்சு நுனியை உள்ளுக்குத் தள்ளுங்கோ. வளரும் எண்டு ஒரு அளவு பெரிசாய் வாங்க வேண்டாம், விரல் முன்னுக்கு மடங்கும்.

அரைமண்டி:
பெரியவை பழகட்டும், அதுக்கு நான் மறுப்பில்லை. பிள்ளையளுக்குக் கிழமைக்கு ரெண்டு நாள் எண்டு சொல்லுறியள். 9 வயதில புலமைப்பரிசில் வகுப்பு தொடங்கினால் எந்தத் தாய் ரெண்டு பின்னேரம் விடுவா? கால் பலப்பட வேண்டிய வருசத்திலதான் நிப்பாட்டுவினம், 11 வயதில திரும்பி வந்து பொயின்ற் கேப்பினம்.

பிளியே:
அது உண்மையான கேள்வி அக்கா. ஒரு சனி காலமை, ஒரு கிழமைநாள் விடிய 6 மணி, 45 நிமிசம். தகரக் கூரையெண்டால் அந்த நேரம்தான் சூடும் தாங்கலாம். அந்த வருசம் அதுவும் ஏலாட்டில் குதிப்பை விட்டு, கம்பி மட்டும் ஒரு நாள். திரும்பி வரேக்கை விட்ட இடத்திலயிருந்து இல்லை, ஒரு படி கீழயிருந்து.

அரைமண்டி:
அதை முதலே துண்டில அச்சடிக்கச் சொல்லுங்கோ. பொயின்ற் வரியை எடுக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு என்ர மாணவியள் கேட்டால், 12 தாண்டினவையை மட்டும் விடுவன்.