ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ் ஜிப்: இசைத்தட்டைக் கெடுத்ததா, இல்லையா?

ஊசிமுனை: "அட்டைக்காக எல்.பி. இசைத்தட்டு வாங்குபவன் ரசிகனே இல்லை" என்று நேற்று ஒரு பெரியவர் இங்கே தீர்ப்பு எழுதினார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் 1971 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' அட்டையைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார் போல. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் யோசனை அது. ஜீன்ஸ் படம், அதில் நிஜ ஜிப், இழுத்தால் திறக்கும்!

கருவட்டு: அந்தப் பெரியவன் நான்தான். வம்பே அந்த நிஜ ஜிப்தான். அடுக்கி அனுப்பியதில் தட்டில் அழுந்திப் பள்ளம் போட்டது. பாட்டைக் கெடுக்கிற அட்டை என்ன கலை?

ஊசிமுனை: அரைக்கதை சொல்லாதீர்கள். அட்டையை உருவாக்கிய கிரெய்க் ப்ரான் ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு அனுப்ப வைத்தார். பிறகு அது தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் காகிதத்தில்தான் அழுந்தியது. லேபிளில் பாட்டு கிடையாது ஐயா.

கருவட்டு: இறக்கினார்கள் என்றால் முதலில் கெட்டது என்றுதானே அர்த்தம்?

ஊசிமுனை: லேபிளில் பாட்டு கிடையாது. வேண்டுமானால் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

மயிலை ரிக்கார்டு: ரோலிங் ஸ்டோன்ஸின் அந்த நாக்குச் சின்னமும் வார்ஹோல் வரைந்ததுதானே?

ஊசிமுனை: இல்லவே இல்லை. ஜான் பாஷ் வரைந்தது. லண்டனில் வரைகலை படித்துக்கொண்டிருந்த பையன், கூலி 50 பவுண்டு. பிரபலமானவர் பெயர் கிடைத்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட வேண்டியது!

கருவட்டு: 50 பவுண்டு நாக்கு எந்தத் தட்டையும் கெடுக்கவில்லை. குறித்துக்கொள்ளவும்.

மயிலை ரிக்கார்டு: கேள்விதானே கேட்டேன்? முன்பு இங்கே நடந்த மோனோ (ஒற்றைத்தட ஒலிப்பதிவு) விவகாரத்திலும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள்.

ஊசிமுனை: மோனோ பற்றி நீங்கள் சொன்னது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. சரி, ஜிப்புக்கு வருவோம். ஸ்பெயினில் தணிக்கைக்காரர்கள் ஜீன்ஸ் படத்தையே விடவில்லை. டப்பாவிலிருந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கிற படத்தைப் போட்டார்கள். ஜிப் இல்லை, பள்ளமும் இல்லை. கருவட்டு கணக்குப்படி அதுதான் உத்தமமான பதிப்பு. அதைத் தேடிப் போகாமல் ஜிப் பதிப்புக்காக ஏன் எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள்?

கருவட்டு: எல்லாரும் என்றால் நீங்கள். நான் தட்டுகளை நிறுத்தி வைக்கிறவன். நீங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டிருப்பதை உங்கள் புகைப்படத்திலேயே பார்த்தோம்.

ஊசிமுனை: அது வீடு மாறிய அன்று எடுத்த படம்!

கருவட்டு: வீடு மாறினாலும் பள்ளம் பள்ளம்தான்.

ஊசிமுனை: லேபிளில் பாட்டு உண்டா, இல்லையா? ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்.

மயிலை ரிக்கார்டு: முதலில் மோனோவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.