லீச்சிங் ஃபிராக்‌ஷன்: 'அலசுநீர்ப் பங்கு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உவர்நீர்ப் பாசனம் பற்றிய விவாத இழையில் 'லீச்சிங்' என்பதற்கு, அதாவது மண்ணில் சேர்ந்த உப்பைக் கூடுதல் நீரால் கரைத்துக் கீழே இறக்குவதற்கு, 'கசிவு' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழாய் கசியும், கூரை கசியும். அது நாம் வேண்டாமலே நடப்பது. இதுவோ வேண்டுமென்றே செய்வது. செடி நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடுகிறது. பாத்தி ஓரத்தில் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். அதனால் செடியின் தேவைக்கு மேல் கொஞ்சம் நீர் பாய்ச்சி, சேர்ந்த உப்பை வேருக்குக் கீழே இறக்குகிறோம். பாய்ச்சும் நீரே சற்று உப்பாக இருந்தாலும், வேரடியில் தேங்கிய கரைசலைவிட அது தெளிவானதுதான். துணியை அலசுகிற அதே வேலை.

ஆகவே அந்த நீர் 'அலசுநீர்'. பாய்ச்சியதில் வேருக்குக் கீழே இறங்கிய விகிதம் 'அலசுநீர்ப் பங்கு'. குறைந்தது எவ்வளவு இறங்கியாக வேண்டும் என்பது 'அலசுநீர்த் தேவை'.

கணக்கில் வைத்துப் பார்த்தேன், சொல் நன்றாகவே உட்காருகிறது. உவர்ப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள், அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். தக்காளி தாங்கும் மண் உவர்ப்பு 2.5, பாசன நீர் 1.5 என்று கொள்வோம். வழக்கமான சூத்திரப்படி மண் வரம்பை ஐந்தால் பெருக்கி, நீரின் உவர்ப்பைக் கழித்தால் 11. 1.5-ஐ அதால் வகுத்தால் சுமார் 0.14, இதுதான் அலசுநீர்த் தேவை. பாய்ச்சுவதில் மீதி 0.86 பங்குதான் செடிக்கு என்பதால், செடிக்கு 100 லிட்டர் வேண்டுமென்றால் 116 லிட்டர் பாய்ச்ச வேண்டும். பீன்ஸின் வரம்பு 1.0 தான். அதே நீருக்கு அதன் அலசுநீர்த் தேவை 0.43, அதாவது 175 லிட்டர்! அந்த நீரில் பீன்ஸ் போடாமலிருப்பதே நல்லது.

'அலசல்' என்றால் பத்திரிகைகளில் ஆய்வு என்று பொருளாயிற்றே என்று கேட்பீர்கள். சரிதான், அதனால்தான் 'நீர்' என்பதை ஒட்டியே வைத்தேன். நைட்ரேட் உரம் மழையில் கரைந்து இறங்குவதையும் ஆங்கிலத்தில் லீச்சிங் என்றே சொல்கிறார்கள். அது இழப்பு, அதற்குக் 'கரைந்திழப்பு' என்று தனிச்சொல் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. உவரையும் களரையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். உவர் மண்ணில் கரையும் உப்புதான் மிகுதி. களர் மண்ணிலோ சோடியம் மிகுந்து மண்கட்டமைப்பு குலைந்துவிடும், நீர் இறங்காது. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்கிய பிறகுதான் அங்கே அலசுநீர் வேலை செய்யும். கலைச்சொல் பட்டியலில் இந்த இரண்டும் தனித்தனிப் பதிவாக வர வேண்டும்.

'பங்கு' என்பதா, 'விகிதம்' என்பதா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.